ரோக்கி எரிக்சனின் பாடல் தொழில்: நோய்க்கதைக்கு அப்பால்

முன்னுரை

ரோக்கி எரிக்சனைப் (1947–2019) பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கதையை எழுதுகிறார்கள். டெக்சஸ் மாநிலத்து இளைஞர், பதினெட்டு வயதில் தொண்டை கிழியப் பாடிப் பெயர் பெற்றார், எல்.எஸ்.டி.யால் மனம் பேதலித்தார். மனநல விடுதியில் அடைபட்டார். வெளியே வந்து பேய்களையும் சாத்தானையும் பாடினார். முதுமையின் வாசலில் மீண்டெழுந்தார். இந்தக் கதையில் வரும் நிகழ்ச்சிகள் ஏறக்குறையச் சரியானவை. அவற்றைக் கோத்திருக்கும் காரணகாரியச் சரடுதான் ஐயத்துக்குரியது.

எரிக்சனின் பாடல்களை நோயின் குறிகளாகப் படிக்கும் வழக்கம், அவருடைய தொழிலை முறித்த இரண்டு புறக் காரணங்களை மறைத்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். ஒன்று, அக்கால டெக்சஸின் கஞ்சாச் சட்டம். மற்றது, பாடியவருக்கும் எழுதியவருக்கும் காசு போய்ச் சேராத இசைத்தட்டு வணிகம். பாடல்களை மட்டும் எடுத்து வரிசையாக வைத்துக் கேட்டால், 1965 முதல் 1981 வரை ஒரே கைப்பழக்கத்தின் தொடர்ச்சி புலப்படுகிறது. நோய் இருந்தது, அதை மறுக்க வேண்டியதில்லை. நோயைக் கொண்டு எதை விளக்கலாம், எதை விளக்க இயலாது என்று பிரித்தறிவதே இங்கு வேலை.

கராஜ் ராக் என்னும் களம்

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவினர் எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியபின் அமெரிக்காவின் ஊர்தோறும் பள்ளி மாணவர்கள் கிட்டார் வாங்கிக் குழு சேர்ந்தார்கள். வீட்டுக் கார் கொட்டகையில் ஒத்திகை பார்த்தவர்கள் பலர் என்பதால், பின்னாளில் இவ்வகை இசைக்குக் கராஜ் ராக் என்ற பெயர் நிலைத்தது. அதன் இலக்கணம் எளிது: சில கார்டுகள், உரத்த கிட்டார், பிசிறடிக்கும் ஒலிப்பதிவு, காதலில் ஏமாந்தவனின் சினம்.

இந்த இசையின் பொருளாதாரம் அதன் ஒலியைவிட முக்கியமானது. பள்ளி நடன விழாக்களிலும் இளைஞர் மன்றங்களிலும் பாடும் குழுவை உள்ளூர் இசைத்தட்டு நிறுவனம் ஒன்று பிடித்து ஒரு சிங்கிள் வெளியிடும். உள்ளூர் வானொலியில் அது எடுபட்டால் பெரிய நிறுவனம் அதை வாங்கி நாடு முழுவதும் விற்கும். எடுபடாவிட்டால் குழு கலையும். பிள்ளைகள் கல்லூரிக்கோ வியட்நாம் போருக்கோ போவார்கள். 1966இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த '96 டியர்ஸ்' பாட்டைத் தந்த மிஸ்டீரியன்ஸ் குழுவைக்கூட அந்த ஒரு பாட்டுக்காகத்தான் பெரும்பாலோர் நினைவுகூர்கிறார்கள். ஒரு சிங்கிளோடு முடிந்துபோவதே இங்கு இயல்பு. ஐம்பதாண்டு நீண்ட தொழில்வாழ்க்கை விதிவிலக்கு. எனவே எரிக்சன் ஏன் வீழ்ந்தார் என்பதைக் காட்டிலும் அவரால் எப்படித் தொடர முடிந்தது என்பதே ஆய்வாளர் கேட்கவேண்டிய கேள்வி.

ஒரு பாட்டு, இரண்டு பதிவுகள்

ரோஜர் கைனார்ட் எரிக்சன் டாலஸ் நகரில் பிறந்து ஆஸ்டினில் வளர்ந்தார். இரு பெயர்களின் முதலெழுத்துகளும் சேர்ந்து 'ரோக்கி' ஆயிற்று. பாட்டுப் பயிற்சி பெற்ற தாயிடமிருந்து இசை வீட்டிலேயே கிடைத்தது. சிறுவயதிலேயே பியானோவும் கிட்டாரும் பழகினார். பட்டி ஹாலி, லிட்டில் ரிச்சர்ட், ஜேம்ஸ் பிரவுன் ஆகியோரின் பாடும் முறை அவர் குரலில் ஊறியது. 1965இல், பள்ளிப்படிப்பு முடிய ஒரு மாதமே இருந்தபோது, முடியை வெட்டிக்கொள்ள மறுத்து டிராவிஸ் உயர்நிலைப் பள்ளியை விட்டு வெளியேறினார்.

அதே ஆண்டில் 'ஸ்பேட்ஸ்' என்ற உள்ளூர்க் குழுவோடு, ஜீரோ என்ற சிறு நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்த சிங்கிளில் இரண்டு பாட்டுகள் இருந்தன: 'வி செல் சோல்', 'யூ ஆர் கோனா மிஸ் மீ'. இரண்டும் அவர் எழுதியவை. ஆண்டு முடிவதற்குள் டாமி ஹால் என்ற பல்கலைக்கழக மாணவர் எரிக்சனை மையமாக வைத்து, கிட்டார் கலைஞர் ஸ்டேசி சதர்லண்ட், டிரம்ஸ் வாசித்த ஜான் ஐக் வால்டன் முதலியோரைச் சேர்த்து, '13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்' என்ற குழுவை அமைத்தார். 1966 தொடக்கத்தில் புதிய குழு 'யூ ஆர் கோனா மிஸ் மீ'யை மீண்டும் பதிவுசெய்தது. கான்டாக்ட் என்ற சிறு நிறுவனத்தில் வெளிவந்த அந்தச் சிங்கிள் டெக்சஸில் எடுபட்டது. ஹூஸ்டனைச் சேர்ந்த இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியபின் பில்போர்டு பட்டியலில் 55ஆம் இடம்வரை ஏறியது. அவர்கள் பெற்ற ஒரே தேசிய வெற்றி அதுதான்.

இந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பது பயன் தரும். பாட்டின் சட்டகம் ஸ்பேட்ஸ் பதிவிலேயே முழுமையாக இருக்கிறது. தன்னைக் கைவிடும் பெண்ணிடம் பின்னர் வருந்துவாய் என்று எச்சரிக்கும் பேச்சு, ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப அடித்து ஏற்றும் உத்தி, சொல் தீர்ந்த இடத்தில் கூச்சலாக வெடிக்கும் குரல் எல்லாம் அங்கேயே உள்ளன. எலிவேட்டர்ஸ் பதிவில் புதிதாகச் சேர்ந்தது ஒலிச்சூழல்: சதர்லண்டின் எதிரொலி மிகுந்த கிட்டார், விரைந்து ஓடும் தாளம், டாமி ஹாலின் எலக்ட்ரிக் ஜக். கடம்போல் தட்டப்படாத அந்த ஜாடியின் வாயருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு, உள்ளே குரலால் விட்டுவிட்டு ஒலியெழுப்பினார் ஹால். பாட்டு முழுதும் ஒரு குமுறல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

எல்.எஸ்.டி.யும் அதைச் சுற்றிய தத்துவமும் குழுவுக்கு வருமுன்பே எரிக்சனின் பாட்டு முறை உருவாகிவிட்டது என்பது இதிலிருந்து கிடைக்கும் முடிவு. ஸ்பேட்ஸ் காலத்து 'வி செல் சோல்' எலிவேட்டர்ஸின் முதல் ஆல்பத்தில் 'டோன்ட் ஃபால் டவுன்' என்று புதுச் சொற்களுடன் திரும்பி வந்தது. பழைய மெட்டைக் கைவிடாமல் திருத்திப் புது வேலைக்கு உட்படுத்துவது நிதானமான தொழிலாளியின் பழக்கம்.

எழுதியவர் யார், பெற்றவர் யார்

1966இல் வந்த முதல் ஆல்பம் 'தி சைக்கடெலிக் சவுண்ட்ஸ் ஆஃப் தி 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்'. சைக்கடெலிக் என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கிய மிக முற்பட்ட ராக் ஆல்பங்களுள் அது ஒன்று. வேதிப்பொருளின் துணையால் மனத்தின் வழக்கமான தர்க்கத்தைக் கடக்கலாம் என்ற அதன் உறைக் குறிப்பு ஹால் எழுதியது. 1967இன் 'ஈஸ்டர் எவ்ரிவேர்' ஆல்பத்தைத் திறக்கும் எட்டு நிமிடப் பாட்டான 'ஸ்லிப் இன்சைட் திஸ் ஹவுஸ்' அந்தக் கொள்கையின் முழு விரிவு. அதன் சொல்வளம் பெரும்பாலும் ஹாலுடையது. ஹாலின் மனைவி கிளெமன்டைன், ஆஸ்டின் நாட்டுப்புற இசை வட்டத்தைச் சேர்ந்த பவல் செயின்ட் ஜான் ஆகியோரும் பாட்டெழுதினார்கள்.

எனவே எலிவேட்டர்ஸ் பாடல்களில் வரும் மறைஞானத்தை எரிக்சனின் மனநிலைக்குச் சான்றாகக் காட்டுவது அடிப்படையிலேயே தவறு. அவர் அங்கு முதன்மையாகப் பாடகர். பிறர் சொற்களுக்கு மெட்டும் உயிரும் தந்தவர். கிளெமன்டைனோடு சேர்ந்து அவர் எழுதிய 'ஸ்ப்ளாஷ் 1' மறைஞானச் சுமை எதுவுமின்றி, இருவர் முதன்முறை சந்தித்த வியப்பைச் சொல்லும் மென்மையான காதல் பாட்டாக நிற்கிறது. வெறிக்கூச்சலுக்குப் பெயர் பெற்றவர் அதைத் தாழ்ந்த குரலில் பாடுகிறார். எந்தக் குரல் எந்தப் பாட்டுக்கு என்று தேர்ந்தெடுக்கத் தெரிந்த கலைஞரை இங்கே காண்கிறோம்.

பணக் கணக்கு வேறு கதை. 1968இல் நிறுவனம் 'லைவ்' என்ற பெயரில் ஓர் ஆல்பத்தை வெளியிட்டது; ஸ்டூடியோவில் மிஞ்சிய பதிவுகள்மீது கைதட்டலும் ஆரவாரமும் ஒட்டப்பட்டிருந்தன. குழுவின் பதிவுகளை அதன் விருப்பத்தைக் கேளாமல் எப்படியும் விற்கலாம் என்ற நிலையை அது காட்டுகிறது. 1969இல் வந்த கடைசி ஆல்பமான 'புல் ஆஃப் தி உட்ஸ்' பெரும்பாலும் சதர்லண்டின் படைப்பு. எரிக்சனின் பங்கு அதில் மிகக் குறைவு. அதற்குப் பின்னும் பழைய பதிவுகள் பல நாடுகளில் பல வடிவங்களில் விற்றுக்கொண்டே இருந்தன. எழுதியவரோ பல பத்தாண்டுகள் உரிமைத்தொகை என்று சொல்லத்தக்க எதையும் பெறாமல், அரசு தரும் ஊனமுற்றோர் உதவித்தொகையில் வாழ்ந்தார். அவருடைய 1980களின் வறுமையை நோயின் விளைவாக மட்டும் பேசுவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

சட்டத்தின் கை

1968இல் சான் அன்டோனியோவில் நடந்த ஹெமிஸ்ஃபேர் கண்காட்சியில் பாடும்போது எரிக்சன் தொடர்பின்றிப் பிதற்றத் தொடங்கினார். மருத்துவர்கள் மனச்சிதைவு நோய் என்றார்கள். ஹூஸ்டன் மனநல மருத்துவமனையில் மின்னதிர்ச்சி சிகிச்சை தரப்பட்டது. நோய்க்கதையின் ஆதரவாளர்களுக்கு இது வலுவான சான்று. மேடையேறுமுன் எல்.எஸ்.டி. உட்கொள்வதைக் குழுவின் நெறியாகவே ஹால் வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துக்கொண்டால் வாதம் இன்னும் வலுக்கும்.

ஆனால் அவருடைய தொழிலில் மூன்றாண்டுப் பள்ளத்தை வெட்டியது மருத்துவரின் முடிவு அன்று. 1969இல் ஆஸ்டினின் மவுண்ட் பானல் குன்றில் ஒரே ஒரு கஞ்சாச் சுருட்டோடு அவர் பிடிபட்டார். அன்றைய டெக்சஸ் சட்டப்படி, எவ்வளவு சிறிய அளவானாலும் கஞ்சா வைத்திருத்தல் பெருங்குற்றம். முதல் முறைக்கே இரண்டாண்டு முதல் ஆயுள்வரை தண்டிக்கலாம். பத்தாண்டுச் சிறை கண்முன் நின்றபோது, மனநிலை பிறழ்ந்ததால் குற்றமற்றவர் என்ற வாதத்தை எரிக்சன் தரப்பு எடுத்தது. முதலில் ஆஸ்டின் அரசு மருத்துவமனை; அங்கிருந்து தப்பியோடியதால், குற்றம் புரிந்த மனநோயாளிகளுக்கென்று கிழக்கு டெக்சஸில் இருந்த ரஸ்க் அரசு மருத்துவமனை. 1972வரை அங்கே இருந்தார்.

1973இல் டெக்சஸ் சட்டமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. இரண்டு அவுன்சுக்கு உட்பட்ட கஞ்சா வைத்திருத்தல் சிறு குற்றமாயிற்று. அதற்கு ஆறு மாதத்துக்குமேல் சிறையில்லை. நான்கே ஆண்டு பிந்திப் பிடிபட்டிருந்தால், அதே மனிதர், அதே நோயோடு, அதே ஒற்றைச் சுருட்டுக்காக, ரஸ்க் மருத்துவமனையை எட்டியிருக்கவே வழியில்லை. நோயே தொழிலை முறித்தது என்ற விளக்கத்தின் வலுக்குறைவு இங்குதான் வெளிப்படுகிறது. நோயாளியாக இருப்பதும் நோயைச் சட்ட வாதமாக முன்வைக்கவேண்டிய நெருக்கடிக்கு உள்ளாவதும் இரு வேறு நிலைகள்.

ரஸ்கில் நடந்த வேலை

அடைபட்ட காலத்தில் எரிக்சன் முடங்கிக் கிடக்கவில்லை. அங்கிருந்த கைதிகளோடு ஒரு குழு அமைத்து வாசித்தார். நிறையப் பாட்டும் கவிதையும் எழுதினார். அக்கவிதைகள் 1972இல் 'ஓப்பனர்ஸ்' என்ற சிறு நூலாக வெளிவந்தன. ரஸ்க் காலத்தில் வெறும் கிட்டாரோடு பாடிப் பதிவான பாட்டுகள் சில 1999இல் வந்த 'நெவர் சே குட்பை' தொகுப்பில் இடம்பெற்றன. அவை அன்பும் இறைப்பற்றும் நிறைந்த, ஒழுங்கான செய்யுள் அமைப்புடைய பாட்டுகள். நோயும் அடைப்பும் மருந்தும் மிகக் கடுமையாக இருந்த காலத்தில் மிகத் தெளிவான பாட்டுகள் பிறந்திருக்கின்றன. நோயின் போக்கும் பாட்டின் போக்கும் ஒன்றோடொன்று பொருந்தி ஓடுவதாகக் கருதும் எவரும் இதற்கு விடை சொல்லவேண்டும்.

அதே 1972இல் வேறொன்றும் நிகழ்ந்தது. எலெக்ட்ரா நிறுவனத்துக்காக லென்னி கே தொகுத்த 'நகெட்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டு வெளிவந்தது. 1965 முதல் 1968வரை வந்து மறந்துபோன இருபத்தேழு சிங்கிள்களை ஒன்றுசேர்த்து, அவற்றை ஒரு மரபாகக் கே முன்வைத்தார். 'யூ ஆர் கோனா மிஸ் மீ' அதில் ஒன்று. பின்வந்த பங்க் தலைமுறை இந்தத் தொகுப்பைப் பாடநூல்போல் பயின்றது. எரிக்சன் விடுதலையான ஆண்டிலேயே அவருடைய இளமைக்காலப் பாட்டு செவ்வியல் தகுதி பெற்றுவிட்டது. பாட்டின் பெயர் வளர்ந்தது. அந்த வளர்ச்சி அவர் கைக்கு வருமானமாக வரவில்லை.

பேய்ப்படங்களும் பாட்டும்

விடுதலைக்குப்பின் எரிக்சன் 'ஏலியன்ஸ்' என்ற குழுவை அமைத்தார். டக் சாம் தயாரித்த 'டூ ஹெடெட் டாக்' 1975இல் சிங்கிளாக வந்தது. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் ஸ்டூ குக் தயாரித்த ஆல்பம் 1980இல் பிரிட்டனிலும், பாட்டு வரிசை மாறி 'தி ஈவில் ஒன்' என்ற பெயரில் 1981இல் அமெரிக்காவிலும் வெளிவந்தது. இப்பாடல்களில் பேய், இரத்தக்காட்டேரி, சாத்தான், அணு மூளை கொண்ட பிராணி எல்லாம் வருகின்றன. நோய்க்கதை இவற்றை மனப்பிரமையின் நேரடிப் பதிவுகளாகக் கொள்கிறது.

அவற்றின் மூலங்களைத் தேடினால் விடை வேறு. 'ஐ வாக்ட் வித் எ ஜோம்பி' என்பது வால் லூட்டன் தயாரித்து ழாக் டூர்னர் இயக்கிய 1943ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பெயர். 'கிரீச்சர் வித் தி ஆட்டம் பிரெயின்' 1955இல் வந்த மலிவுப் படம் ஒன்றின் பெயர். இரண்டுக்கும் திரைக்கதையில் பங்களித்தவர் கர்ட் சியோட்மாக். 'டூ ஹெடெட் டாக்' பாட்டில் கிரெம்ளினும் இருதலை நாயும் வருவது, 1950களில் சோவியத் அறுவை மருத்துவர் விளாதிமிர் தெமிக்கோவ் நாயொன்றின் உடலில் இன்னொரு நாயின் தலையை ஒட்டிய சோதனைகளை நினைவூட்டுகிறது. ஐம்பதுகளின் அமெரிக்கச் சிறுவர்கள் திரையரங்கிலும் தொலைக்காட்சியிலும் கண்ட பொதுச் சொத்து இவை. பிரமைக்குத் தனியுலகம் போதும். எரிக்சனோ எல்லாரும் அறிந்த படப்பெயர்களைக் கடன்வாங்கிக் கேட்பவரோடு பேசுகிறார்.

அமைப்பிலும் திட்டம் தெரிகிறது. 'ஐ வாக்ட் வித் எ ஜோம்பி' கிட்டத்தட்டத் தலைப்பு வாக்கியம் ஒன்றையே முழுப் பாட்டாக நிறுத்துகிறது. திரும்பச் சொல்லச் சொல்ல அச்சம் குறைந்து ஒருவகை நகைச்சுவையும் இனிமையும் ஏறுகின்றன. பதினெட்டு வயதில் 'யூ ஆர் கோனா மிஸ் மீ'யில் பயன்படுத்திய அதே உத்தி. 'கிரீச்சர்' பாட்டு படத்தின் உரையாடல் பாணியையே எடுத்து நடுவில் செருகுகிறது. 'பிளடி ஹேமர்' இன்னும் ஆழமானது: அதில் பேசும் குரல் தன்னையே மருத்துவராக, மனநல நிபுணராக அறிவித்துக்கொள்கிறது. ரஸ்கில் மூன்றாண்டு நோயாளியாக இருந்த ஒருவர் மருத்துவரின் இருக்கையில் ஏறி அமர்ந்து பேசுவதாகப் பாட்டு எழுதினால், அதைப் பிதற்றல் என்று ஒதுக்குவதற்குமுன் பகடி என்று படித்துப் பார்க்கவேண்டும்.

ஒலியிலும் தொடர்ச்சி உண்டு. ஏலியன்ஸ் குழுவில் பில் மில்லர் வாசித்த எலக்ட்ரிக் ஆட்டோஹார்ப், முன்னர் டாமி ஹாலின் ஜக் செய்த பணியைச் செய்கிறது. அதாவது, நேர்த்தியான ராக் பாட்டின் அடியில் ஓயாத ஒரு விசித்திர அதிர்வை வைக்கிறது. பழைய குழுவிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்று எரிக்சனுக்குத் தெரிந்திருந்தது.

எதிர்ச்சான்றுகள்

இந்த வாதத்துக்கு எதிரான செய்திகளை மறைக்க வேண்டியதில்லை. 1982இல் தம் உடலில் செவ்வாய்க்கிரகவாசி ஒருவர் குடியேறியிருப்பதாக எரிக்சன் உறுதிமொழிப் பத்திரம் எழுதிச் சான்றொப்பமும் பெற்றார். 1980களின் நடுப்பகுதிக்குப்பின் புதுப் பாட்டுகள் அருகின. 1989இல் அண்டைவீட்டாரின் தபால்களை எடுத்ததாக வழக்குப் பதிவாயிற்று, உறைகளைப் பிரிக்காமல் அவர் சுவரில் ஒட்டிவைத்திருந்தார், வழக்கு கைவிடப்பட்டது. இந்த ஆண்டுகளின் மௌனத்தை நோயைக் கொண்டு விளக்குவது நியாயமே. ஆனால் அந்த விளக்கம் மௌனத்துக்குத்தான் பொருந்துகிறது, பாட்டுகளுக்குப் பொருந்தவில்லை. நோய் ஓங்கியபோது பாட்டு நின்றது என்றால், இருக்கும் பாட்டுகளை நோயின் படைப்பு என்று சொல்வது முரண்.

மீட்பும் அதன் காரணங்களும்

1990இல் பில் பென்ட்லி முயற்சியில் 'வேர் தி பிரமிட் மீட்ஸ் தி ஐ' என்ற காணிக்கை ஆல்பம் வந்தது. ஆர்.இ.எம்., இசட் இசட் டாப், பிரைமல் ஸ்க்ரீம் முதலிய புகழ்பெற்ற குழுக்கள் எரிக்சன் பாடல்களைப் பாடின. 'ஜோம்பி' பாட்டை ஆர்.இ.எம். எடுத்துக்கொண்டது. பிறர் குரலுக்கு மாறியபோதும் பாட்டு நிலைத்து நின்றதால், அதன் வலு பாடியவரின் வாழ்க்கைச் சோகத்தில் தங்கியிருக்கவில்லை என்பது தெளிவாயிற்று. 1995இல் 'ஆல் தட் மே டூ மை ரைம்' என்ற புதிய ஆல்பமும், ஹென்றி ராலின்ஸ் பதிப்பகத்தின் வழியாக 'ஓப்பனர்ஸ் 2' நூலும் வந்தன.

2001இல் அவருடைய தம்பி சம்னர் எரிக்சன் சட்டப்படி பாதுகாவலரானார். பிட்ஸ்பர்க் சிம்பொனியில் டூபா வாசித்தவர் அவர். ஒழுங்கான மருத்துவமும், வருமானத்தைக் காக்க ஓர் அறக்கட்டளையும், உரிமைத்தொகைக்கான சட்ட உதவியும் கிடைத்தன. நான்கே ஆண்டில், 2005ஆம் ஆண்டு ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ் விழாவில், ஏறத்தாழ இருபதாண்டுக்குப்பின் முழுக் கச்சேரி செய்தார். 2010இல் ஓக்கர்வில் ரிவர் குழுவோடு, வில் ஷெஃப் தயாரிப்பில் வந்த 'ட்ரூ லவ் காஸ்ட் அவுட் ஆல் ஈவில்' ஆல்பம் ரஸ்கில் பதிவான பழைய ஒலிநாடா ஒன்றோடுதான் தொடங்குகிறது. அதன் பாட்டுகளில் பலவும் முந்தைய பத்தாண்டுகளில் எழுதி வெளிவராமல் கிடந்தவை. 2015இல் எலிவேட்டர்ஸ் குழுவின் எஞ்சிய உறுப்பினர்கள், அவர்கள் பாட்டின் பெயரையே சூட்டிக்கொண்ட 'லெவிட்டேஷன்' விழாவில் ஆஸ்டினில் மீண்டும் ஒன்றாக மேடையேறினார்கள். 2019 மே 31 அன்று எரிக்சன் காலமானார்.

இந்த மீட்சியை அற்புதம்போல் வருணிப்பது வழக்கம். மருந்து, வழக்கறிஞர், கணக்கு வழக்கு ஆகிய மூன்றுமே அதற்குக் காரணம். அவை 1972இல் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி ஊகத்துக்குரியது. ஆயினும் கிடைத்தவுடன் தொழில் மீண்டும் தொடங்கியது என்பது உண்மை.

முடிவுரை

எரிக்சனின் தொழிலை மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் படிக்கவேண்டும். பாட்டின் அடுக்கில் 1965 முதல் 1981வரை இடையறாத ஒரு முறை இருக்கிறது: குறுகிய சட்டகம், ஒரு வாக்கியத்தை அடித்து ஏற்றுதல், நேர்த்தியான மெட்டின் அடியில் விசித்திர ஒலி. சட்டத்தின் அடுக்கில், நான்காண்டு கழித்து மாறிவிட்ட ஒரு விதி அவருடைய இளமையின் மூன்றாண்டைத் தின்றது. வணிகத்தின் அடுக்கில், அவருடைய பாட்டு உலகெங்கும் விற்க அவர் உதவித்தொகையில் வாழ்ந்தார். நோய் இந்த மூன்றையும் தொட்டுச் செல்கிறது. மூன்றில் எதையும் அது தனியாக விளக்கவில்லை.

கராஜ் ராக் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இசைத்தட்டு சேகரிப்பாளர்களாக இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அரிய தட்டும் அதனோடு ஒட்டிய அவலக் கதையும் ஒருசேரப் பிடிக்கும். இனி எழுதுவோர் நீதிமன்றப் பதிவுகளையும் பதிப்புரிமை ஒப்பந்தங்களையும் பாடலுக்கு அருகே வைத்துப் படிக்கவேண்டும். அவ்வாறு படித்தால், பித்துப்பிடித்த மேதை என்று இதுவரை புகழப்பட்டவர், சட்டமும் சந்தையும் குறுக்கிட்டும் தம் தொழிலை விடாத தேர்ந்த பாட்டாசிரியராகவே மதிப்பிடப்படுவார்.